டர்பனில் ஆவணப் புகைப்படக்காரர் ஆவது எப்படி: காவடிக்கு முந்தைய நாளிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தைப்பூசத்தன்று டர்பன் கிளேர்வுட் சிவசுப்ரமணியர் கோயில் வாசலில் நின்று பாருங்கள். காவடிகள் அதிகமா, கேமராக்கள் அதிகமா என்று சந்தேகம் வந்துவிடும். கைபேசியையும் சேர்த்தால் சந்தேகமே வேண்டாம். எல்லோரும் எடுப்பது ஒரே படம்தான்: நாக்கில் வேல், முதுகில் கொக்கி, பின்னணியில் மயிலிறகு. படம் மோசமில்லை. ஆனால் எடுத்தவர் பெயரை மறைத்துவிட்டால் யார் எடுத்தது என்று சொல்ல முடியாது. அதைவிட வருத்தம், படத்தில் இருப்பவர் யார் என்பதே எடுத்தவருக்குத் தெரிந்திருக்காது.

ஆவணப் புகைப்படக்காரருக்கு அந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். கேமராவை இயக்கத் தெரிந்த, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாத தென்னாப்பிரிக்கத் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். காவடியை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாரியம்மன் கஞ்சி, புரட்டாசி சனிக்கிழமை, டர்பன் வார்விக் சந்தையின் காய்கறிக் கடை, இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரே ஒரு தெரு என்று எதற்கும் இதே வரிசை பொருந்தும்.

1. முதலில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், என்ன வேலை செய்தீர்கள், எந்தக் கதவு உங்களுக்குத் தட்டாமலே திறக்கும், எது தட்டினாலும் திறக்காது? இதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் எழுதியே ஆக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் பெரிய புகைப்படக்காரர்களைப் பார்த்தால் இதன் அவசியம் புரியும். டேவிட் கோல்ட்பிளாட் 1930இல் ராண்ட்ஃபோன்டைன் என்ற தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பாவின் துணிக்கடையில் வேலை பார்த்தார். அப்பா இறந்த பிறகு கடையை விற்றுவிட்டு முழுநேரமாகப் படம் எடுக்க வந்தார். கடையில் வந்து போன சுரங்கத் தொழிலாளிகளும் ஆஃப்ரிகானர் குடும்பங்களும்தான் பின்னாளில் அவர் படங்களுக்குள் வந்தார்கள். ரஞ்சித் காலி 1925இல் டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோவில் பிறந்தவர். செருப்புத் தொழிற்சாலையில் உழைத்துக்கொண்டே பழைய கேமரா ஒன்றில் கற்றுக்கொண்டு 'டிரம்' பத்திரிகைக்குப் போனார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் லுதுலியின் வீட்டுக்குள்ளும் நடன அரங்குக்குள்ளும் ஒரே இயல்போடு நுழைய அவரால் முடிந்தது. ஓமர் பட்ஷா 1945இல் டர்பனில் பிறந்தார். ஓவியரின் மகன், தொழிற்சங்கக்காரர். 1982இல் அஃப்ராபிக்ஸ் என்ற புகைப்படக்காரர் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். டர்பனின் கிரே தெருவையும் இனாண்டாவின் குடிசைகளையும் அவர் எடுத்த படங்களில் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகிய ஒருவரின் பொறுமை தெரியும்.

மூவரும் எங்கோ போய் 'விஷயம்' தேடவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்கள். நீங்கள் டர்பனின் பீனிக்ஸில் வளர்ந்த ஐந்தாம் தலைமுறைத் தமிழரா, சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவரா என்பதைப் பொறுத்து ஒரே காவடி இரண்டு வேறு காவடியாகத் தெரியும். முன்னவருக்குத் தெரிந்த முகங்கள் அதிகம். அதனாலேயே பார்த்துப் பழகி, கவனிக்காமல் விட்டதும் அதிகம். பின்னவருக்கு எல்லாமே புதிதாகவும், கூடவே எல்லாம் 'நம்ம ஊர் மாதிரி'யாகவும் தெரியும். இந்த 'நம்ம ஊர் மாதிரி' மிக ஆபத்தானது. இங்குள்ளவர்கள் 160 வருடங்களுக்கு மேலாக இந்த மண்ணில் தாங்களாகவே காத்து வந்த வழிபாட்டைத் தமிழ்நாட்டின் நகல் என்று எண்ண வைத்துவிடும்.

2. பொருளைச் சுருக்குங்கள்

'தென்னாப்பிரிக்கத் தமிழர்கள்' என்பது ஒரு பொருளே இல்லை. 'காவடி' கூடப் பெரிதுதான். 'கிளேர்வுட்டில் காவடி கட்டும் ஒரு குடும்பம், கொடியேற்றத்திலிருந்து கொடியிறக்கம் வரை' என்றால் வேலை தொடங்கலாம்.

சுருக்கிய பொருளுக்குள் ஒரு கேள்வி இருக்க வேண்டும். கிளேர்வுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இந்தியக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. பிறகு தொழிற்பேட்டையாக்கப்பட்டது. இன்று சரக்கு லாரிகளுக்கு நடுவே கோயில் நிற்கிறது. பக்தர்களில் பெரும்பாலோர் வேறு இடங்களிலிருந்து வருகிறார்கள். ஊர் கலைந்த பிறகும் கோயில் மட்டும் எப்படி ஊராக இருக்கிறது? இந்தக் கேள்வி கையில் இருந்தால் எங்கே நிற்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்பது தானாகவே வந்துவிடும். லாரி நிறுத்துமிடத்தில் காவடியை இறக்கி வைத்துத் தண்ணீர் குடிப்பவர், அலகு குத்தியவரைவிட உங்களுக்கு முக்கியமாகிவிடுவார்.

3. வீட்டுப்பாடம்

இதில் சோம்பல் படுகிறவர்கள்தான் அதிகம். சில அடிப்படைகளாவது கையில் இருக்கட்டும்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல்தான் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்கு முதலில் கொண்டுவந்தது. 1911 வரை வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகவே வந்தார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்கள் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கிறது. கப்பல் பட்டியல், பழைய புகைப்படம், பத்திரிகை எல்லாம் அங்கே உண்டு. பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். நீங்கள் படம் எடுக்கப் போகும் குடும்பத்திடம் அந்த எண் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம். கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றப்பட்டன. மேகசின் பேரக்ஸ் என்பது டர்பன் நகரசபையின் தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த குடியிருப்பு. சாட்ஸ்வொர்த்தில் இன்றும் 'யூனிட் 2', 'யூனிட் 3' என்று எண்ணால் இடம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தாத்தாவிடம் 'எந்த ஊர்?' என்று கேட்டால் முதலில் எந்த இடத்தைச் சொல்கிறார், இரண்டாவதாக எதைச் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

கோயில்களுக்கும் இப்படித்தான் வரலாறு உண்டு. உம்பிலோ அம்பலவாணர் ஆலயம் ஆற்றங்கரையில் எழும்பி, 1905 வெள்ளத்தில் போய், பின்பு கேட்டோ மேனரில் இன்றிருக்கும் இடத்துக்கு வந்தது. அங்கே தீமிதி ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலிலும் பெரிய கூட்டம் புனித வெள்ளியன்றுதான். வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு விடுமுறை கிடைத்த நாட்கள் அவை, சாமியும் அதற்கேற்பத் தேதியை மாற்றிக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

குடும்ப ஆல்பங்களும் வீட்டுப்பாடத்தில் சேரும். சாண்டு மோஃபோகெங் 1890 முதல் 1950 வரை கறுப்பினக் குடும்பங்கள் ஸ்டூடியோக்களில் எடுத்துக்கொண்ட படங்களைச் சேகரித்து, அதையே ஒரு படைப்பாக்கினார். தான் எடுக்காத படத்தைக் கொண்டு ஒரு புகைப்படக்காரர் இவ்வளவு பேச முடியும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. நம் வீடுகளில் மேசை மேல் பூச்சாடி, பின்னால் வரைந்த திரை, கோட்டு போட்ட தாத்தா, நெற்றியில் பெரிய பொட்டோடு ஆயா என்று எத்தனை படங்கள்! அனுமதி கேட்டு, வீட்டிலேயே வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தை வெளியே எடுத்துப் போகாதீர்கள், அவர்களே 'கொண்டு போ' என்றாலும்.

4. அனுமதி

கோயில் வளாகம் தனியார் இடம். நிர்வாகக் குழுவின் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: நீங்கள் யார், எதற்காக, எத்தனை காலம், படங்கள் எங்கே போகும், கோயிலுக்கு என்ன திருப்பிக் கொடுப்பீர்கள். அர்ச்சகர் 'சரி' என்றது போதாது. திருவிழா நாளில் வாசலில் நிற்கும் தொண்டருக்கு அது தெரியாது. செயலாளரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது கைபேசியில் இருக்கட்டும்.

குழுவின் அனுமதி வளாகத்துக்குள் நுழையத்தான். ஒவ்வொருவரையும் எடுக்க அவரவர் சம்மதம் வேறு. மூலஸ்தானத்தைப் பல கோயில்களில் எடுக்க விடமாட்டார்கள். கேட்காமல் கேமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். அருள் வந்தவரிடம் அந்த நேரத்தில் சம்மதம் கேட்க முடியாது. எனவே முன்கூட்டியே பேசிவைத்தவரை மட்டும் எடுங்கள், அல்லது எடுத்துவிட்டு மறுநாள் காட்டி 'இருக்கலாமா, அழிக்கட்டுமா' என்று கேளுங்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடுவதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது.

5. கருவிகள்

சுருக்கமாகவே சொல்கிறேன். இந்த விஷயத்தில் மக்கள் தேவைக்கு மேல் பேசுகிறார்கள். ஒரு கேமரா, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, போதும். 70-200 லென்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அது உங்களைத் தூரத்தில் நிறுத்திவிடும்.

முழுச் சட்டகக் கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து, ஃபோகஸை 2.5 மீட்டரில் பூட்டிவிட்டால் ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். கூட்டத்தில் ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஷட்டர் 1/250க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விடுங்கள்.

டர்பனுக்கென்று இரண்டு எச்சரிக்கை. ஜனவரியில் காற்றின் ஈரம் அதிகம். ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்த உடனே லென்ஸ் பனி மூடிவிடும். கோயில் சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இன்னொன்று பாதுகாப்பு. வார்விக் பக்கம் போவதானால் பிராண்டு பெயர் தெரியும் வாரை மாற்றுங்கள், பழைய கடைப் பையில் கேமராவைப் போடுங்கள், தெரிந்தவர் ஒருவரோடு போங்கள்.

6. காவடியைச் சுற்றியுள்ள நாட்கள்

இதுதான் வேலையின் நடுப்பகுதி. இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

கொடியேற்றத்திலிருந்தே போகத் தொடங்குங்கள். பக்தர்கள் விரதம் இருக்கும் அந்தப் பத்து நாட்களில் மாலைப் பூசைக்கு வருவார்கள், வேலை முடிந்த களைப்போடு. தொழிற்சாலைச் சீருடையோடு விபூதி பூசிக்கொள்பவர், கார் நிறுத்துமிடத்தில் புடவை மாற்றிக்கொண்டு ஓடி வரும் நர்ஸ், பூசை நடக்கும்போதே பள்ளிப் பாடம் எழுதும் பிள்ளை. திருவிழா நாளில் இவர்கள் எல்லோரும் மஞ்சள் உடுத்தி ஒரே கூட்டமாகிவிடுவார்கள். யார் யார் என்று தெரிந்துகொள்ள இந்தப் பத்து நாள்தான் உண்டு. முதல் இரண்டு மூன்று நாட்கள் கேமராவைப் பையிலேயே வைத்திருந்தால்கூட நஷ்டமில்லை. பெஞ்சு தூக்கிப் போடுங்கள், வாழையிலை துடையுங்கள். கேமராவோடு வந்தவன் என்பதைவிட 'அந்தப் பையன் நேத்தும் வந்தானே' என்பது பெரிய அறிமுகம்.

முந்தைய நாள் இரவு வீட்டில் காவடி கட்டுவார்கள். இதற்கு அழைப்பு கிடைத்துவிட்டால் உங்கள் திட்டத்தில் பாதி முடிந்த மாதிரி. பெரும்பாலும் கார் ஷெட்டில்தான் நடக்கும். ஒரு குழல் விளக்கு, தரையெல்லாம் சாமந்தி, ஓரத்தில் கருவிப்பெட்டி. கம்பியை வளைப்பவர் பெரியப்பா, மயிலிறகைச் செருகுபவர் அவர் தம்பி. 'இப்படிக் கட்டினா நாளைக்கு ஆத்தங்கரையிலேயே அவிழ்ந்துடும்' என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி குறை சொல்லும் தாத்தா ஒருவர் நிச்சயம் இருப்பார். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு; பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வார்கள். இங்கே கைகளைப் பாருங்கள். போன வருடக் காவடியின் கம்பியை அவிழ்த்து நேராக்கி மறுபடியும் பயன்படுத்துவார்கள். பழைய முடிச்சின் தடம் கம்பியில் அப்படியே தெரியும். எலுமிச்சம்பழத்தில் நூல் கோக்கும் ஆயாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்கும். குழல் விளக்கு முகங்களைப் பச்சையாக்கும் என்பதால் வெள்ளைச் சமநிலையைக் கையால் அமைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் போட்டால் அறையே செத்துவிடும். அதற்கு 1/60இல், சுவரில் சாய்ந்து நின்று எடுப்பது மேல்.

திருவிழா அன்று விடியலிலேயே ஆற்றங்கரைக்கோ, ஊர்வலம் புறப்படும் இடத்துக்கோ போய்விடுங்கள். வெளிச்சம் மென்மையாக இருக்கும் நேரம். பத்து மணிக்கு மேல் சூரியன் தலைக்கு மேல் வந்து, கண் குழிகளில் கறுப்பு நிழல் விழும். அப்போது வெட்டவெளியை விட்டுவிட்டுப் பந்தல் ஓரத்துக்கு மாறுங்கள். ஆனால் நீலத் தார்ப்பாய் பந்தலாக இருந்தால் தோல் எல்லாம் நீலமாகிவிடும். பந்தலின் விளிம்பில், பாதி வெளியே பாதி உள்ளே நிற்பவரை எடுப்பது நல்லது. கறுத்த தோலும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் வரும்போது கேமராவின் அளவுமானி வேட்டிக்குப் பயந்து முகத்தை இருட்டாக்கும். முகத்துக்கு அளவெடுங்கள். வேட்டி கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். எடுத்தது ரா ஃபைலாக இருந்தால் வெளுத்ததில் கொஞ்சம் மீட்கலாம்.

செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும். தார் ரோடு கொதிக்கும்; பக்தர்கள் நடக்கும் ரோடுதான், புகார் செய்ய முடியாது. பின்னோக்கி நடந்துகொண்டே எடுக்காதீர்கள். தேர் இழுத்து வருபவரின் முதுகுக் கொக்கியில் கயிறு இருக்கும், நீங்கள் இடறி விழுந்தால் காயம் அவருக்கு.

அலகு குத்தும் நேரம் வரும். எல்லோரும் முண்டியடித்து முன்னே போவார்கள். நீங்கள் திரும்பி நின்று அவரைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் பாருங்கள். தோளில் கை வைத்திருக்கும் மனைவி, அப்பாவை அப்படிப் பார்த்திராத மகன், எலுமிச்சம்பழத்தோடு நிற்கும் மைத்துனன். ஒருவர் வலியைக் கடந்து போகிறார் என்பது இவர்கள் முகத்தில்தான் தெரியும். அலகு படத்தையும் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குடும்பத்தார் கேட்பார்கள்.

சாப்பாட்டுப் பந்தலை விட்டுவிடாதீர்கள். விறகடுப்பில் பெரிய பெரிய பானைகள், காய்கறிப் பிரியாணி, பருப்பு. துடுப்பு மாதிரியான கரண்டியால் கிளறுபவர்களில் பலர் அதிகாலையிலேயே வந்துவிட்டவர்கள், ஊர்வலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். புகைக்குள் எதிர் வெளிச்சத்தில் நல்ல படங்கள் கிடைக்கும்.

மாலையில் காவடியை இறக்கிய பிறகுதான் பெரும்பாலான கேமராக்கள் கிளம்பும். நீங்கள் கிளம்பாதீர்கள். கொக்கி எடுத்த முதுகில் விபூதி, பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கம், காலைப் பிடித்துவிடும் தங்கை, பந்தல் பிரிக்கும் பையன்கள். மறுநாள் காலை அதே ஆள் வேலைக்குப் போவதை எடுக்கச் சம்மதிப்பாரா என்று கேட்டுவையுங்கள்.

7. பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள்

சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா என்னிடம் சொன்னார்: 'எல்லாரும் படம் புடிக்கிறாங்க தம்பி. ஒருத்தரும் கொண்டாந்து குடுக்கல.' கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரி சொன்னார்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது கொடுத்ததாகாது. கைபேசி மாறும்போது போய்விடும். ஒரு மாதத்துக்குள் 6×4 அங்குல பிரிண்டாவது எடுத்து நேரில் போங்கள். நன்றி என்பதைத் தாண்டி இதில் ஒரு லாபமும் உண்டு: பிரிண்டைப் பார்த்துத்தான் மக்கள் பேசுவார்கள். 'இது யாரு தெரியுமா, மேகசின் பேரக்ஸ்ல எங்க பக்கத்து வீடு' என்று தொடங்கி, நீங்கள் எடுக்காத பத்துப் படங்களுக்கு வழி சொல்வார்கள். அடுத்த வருடத்துக்கான திட்டம் அந்தச் சமையலறை மேசையிலேயே உருவாகிவிடும்.

8. படக்குறிப்பு

கோல்ட்பிளாட்டின் படக்குறிப்புகளைத் தேடிப் படியுங்கள். யார், எங்கே, என்ன செய்கிறார், எந்தத் தேதி என்று தெளிவாக எழுதுவார். படத்தில் பாதி வேலை அந்த வரி செய்துவிடும்.

'பக்தர் ஒருவர் காவடி எடுக்கிறார்' என்ற குறிப்பு ஐம்பது வருடம் கழித்து யாருக்கும் பயன்படாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'காவடி கட்டும் இரவு, கார் ஷெட், வெஸ்ட்கிளிஃப், சாட்ஸ்வொர்த். கம்பியை வளைப்பவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். இந்தக் காவடிச் சட்டகத்தை அவர் தந்தை செய்தார். உட்கார்ந்திருப்பவர் அவருடைய மாமா.' இதோடு பெயர்களும் தேதியும். பெயரை அவரவர் எழுதும்படியே எழுதுங்கள். கோவெண்டர் என்றால் கோவெண்டர்தான், மூன்சாமி என்றால் மூன்சாமிதான், திருத்த நமக்கு உரிமையில்லை. குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள். ஃபைலுக்குள்ளேயே பதியும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது.

9. தேர்ந்தெடுத்தல்

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். கூட்டத்தின் உற்சாகம் கண்ணை மறைக்கும். சில வாரங்கள் விட்டுவிட்டு, சிறிய பிரிண்டுகளாக எடுத்துத் தரையில் பரப்புங்கள். திரையில் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக அழகு காட்டும். தரையில்தான் ஒன்றோடொன்று பேசுகின்றனவா, ஒன்றையே இரண்டு சொல்கின்றனவா என்று தெரியும். 20 படங்களுக்கு மேல் வேண்டாம்.

கறுப்பு வெள்ளையா, வண்ணமா என்பதையும் இங்கே தீர்மானிக்கலாம். நிறவெறி ஆட்சிக் காலத்தில் கோல்ட்பிளாட் தன் சொந்தப் பணிகளைக் கறுப்பு வெள்ளையிலேயே செய்தார். அந்தக் காலத்தின் கோபத்துக்கு வண்ணம் இனிப்பாகப் பட்டது அவருக்கு. 1990களில்தான் வண்ணத்துக்கு வந்தார். காவடியில் மஞ்சளும் குங்குமமும் வெறும் அலங்காரம் இல்லை, பொருளுள்ள நிறங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக்கினால் 'பழமை' என்ற முலாம்தான் மிஞ்சும் என்பது என் எண்ணம். ஆனால் லாரிகளும் கோயிலும் என்ற கேள்விக்குக் கறுப்பு வெள்ளை பொருந்தலாம். எதுவானாலும் முழுத் தொடருக்கும் ஒன்றையே பின்பற்றுங்கள்.

10. சட்டமும் உரிமையும்

தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. பத்திரிகை, கலை வெளிப்பாடுகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் ஒரு படத்தை விளம்பரத்துக்கு விற்றால் அந்த விலக்கு காப்பாற்றாது.

இதைவிடப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒருவர் உங்களைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமை அவருக்கே. கோயில் குழு 'ஒரு தொகை தருகிறோம், விழாவை எடுத்துக் கொடுங்கள்' என்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் 'பதிப்புரிமை புகைப்படக்காரருக்கு, பயன்படுத்தும் உரிமை கோயிலுக்கு' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர் எழுச்சியில் சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கி ஓடும் படத்தை எடுத்த பத்திரிகைப் புகைப்படக்காரர் சாம் நசீமாவுக்கு அதன் உரிமை கிடைத்தது 1998இல்தான்.

11. பத்திரப்படுத்துதல்

நிறவெறி ஆட்சியைப் படமெடுத்த தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் எர்னஸ்ட் கோல் 1966இல் நாட்டை விட்டு வெளியேறி, 1990இல் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். காணாமல் போனதாகக் கருதப்பட்ட அவருடைய சுமார் 60,000 நெகடிவ்கள் 2017இல் சுவீடனில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து வெளிவந்தன. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி நாம் இருக்க முடியாது.

ஃபைல்களின் மூன்று பிரதி: வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க், வேறு வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. 'வேறு வீடு' என்றால் வேறு பகுதி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனைச் சுற்றி 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், எத்தனையோ வீடுகள் ஆல்பங்களோடு போயின. அதே சரிவில் இருக்கும் அண்ணன் வீட்டில் டிஸ்க்கை வைத்துப் பயனில்லை.

12. உங்களைப் பற்றிய குறிப்பும், முதல் காட்சியும்

ஜோகன்னஸ்பர்க்கில் கோல்ட்பிளாட் 1989இல் நிறுவிய மார்க்கெட் ஃபோட்டோ ஒர்க்ஷாப்பில் படிக்க விண்ணப்பித்தாலும், டர்பன் ஓவியக்கூடம் ஒன்றில் கேட்டாலும் உங்களைப் பற்றி ஒரு பத்தி கேட்பார்கள். இங்கேதான் எல்லோரும் 'மனித உணர்வுகளின் ஆழத்தை ஒளியால் தேடும் கலைஞர்' என்று எழுதிவிடுகிறார்கள். அது யாருக்கும் பொருந்தும். முதல் படியில் எழுதிய பக்கத்தை எடுங்கள். அதிலிருந்து மூன்றே விஷயம்: எங்கிருந்து வருகிறீர்கள், எப்படி வேலை செய்கிறீர்கள், எதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆசை. உதாரணமாக: 'பீனிக்ஸில் வளர்ந்தேன், பகலில் கணக்கர். கிளேர்வுட் கோயிலுக்கு வரும் குடும்பங்களை ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பின்தொடர்கிறேன். ஒரே லென்ஸ், பகல் வெளிச்சம். ஊர் கலைந்த பிறகு மக்கள் எங்கே கூடுகிறார்கள் என்பதில் ஆர்வம்.' போதும், இதற்குமேல் ஒரு பெயரடைகூட வேண்டாம்.

முதல் காட்சியை ஓவியக்கூடத்தில் வைக்க ஆசைப்படாதீர்கள். கோயில் மண்டபத்தில், புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் வையுங்கள். குடும்பத்தோடு வருவார்கள், வெள்ளைச் சுவரைக் கண்டு தயங்கமாட்டார்கள். கயிறு கட்டிக் கிளிப் போட்டு மாட்டினால் போதும். சில படங்கள் சாயங்காலத்துக்குள் காணாமல் போகும், தங்கள் தாத்தா படத்தைத்தான் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதற்கும் சேர்த்துக் கூடுதல் பிரிண்ட் போட்டுவையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எண் ஒட்டி, கீழே மேசையில் ஒரு நோட்டும் பேனாவும். '7ஆம் படத்தில் இருப்பது என் சித்தப்பா, பெயர் தப்பு' என்று எழுதுவார்கள். அதைப் பார்த்துப் படக்குறிப்புகளைத் திருத்தி, குடும்பங்களின் சம்மதத்தோடு ஒரு முழுத் தொகுப்பை வெஸ்ட்வில் ஆவண மையத்தில் சேர்க்க முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். நோட்டையும் கூடவே கொடுத்துவிடலாம்.